வரத்து உண்டு, போக்கு இல்லை

புயல் முறித்த மரம் ஒன்று
லெய்லி வீட்டு இணையக் கம்பிமேல் விழுந்து
பன்னிரண்டு நாள்.
சரிசெய்யும் வண்டி எஸ்தோனியப் பெருநிலத்திலிருந்து வர வேண்டும்,
அதற்குக் கப்பல் ஓட வேண்டும்,
கப்பலுக்குக் கடல் வழிவிட வேண்டும்.

அதுவரை மடிக்கணினியை ரொட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு
ஹீயுமா தீவு முழுக்கச் சுற்றினாள்.
கேர்ட்லா நூலகத்தில் உட்கார்ந்தால்
வந்து விழும் கடிதங்கள்:
மின்கட்டணம், கம்பளி நூல் தள்ளுபடி,
பல் மருத்துவரின் நினைவூட்டல்.
பதில் அனுப்பினாலோ
'நீ யாரென்று தெரியாது' என்றது சர்வர்.
பெட்ரோல் நிலையத்து வைஃபையில்
அதுகூடச் சொல்லவில்லை.
சுற்றிச் சுற்றிக் கடைசியில் மௌனம்.
கைப்பேசியைக் கணினியோடு கோத்து
தேவாலய மேட்டில் ஏறி நின்றாள்.
விரல்கள் விறைத்ததுதான் மிச்சம்.

வரத்து உண்டு, போக்கு இல்லை.
போக்குவரத்து என்ற சொல்லை
யாரோ நடுவில் பிளந்து
ஒரு பாதியை மட்டும் விட்டுப் போனதுபோல்.

நூலகத்துக் கணினிகளுக்கு நான்தான் வைத்தியன்,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.
'பாஸ்வேர்டு சரி, நானும் சரி,
கடிதம்தான் கிளம்ப மாட்டேன் என்கிறது' என்றாள்.
திறந்து பார்த்தேன்.
கதவு எண் இருபத்தைந்து.
பெயர் கேட்காத, பூட்டுத் தெரியாத பழைய கதவு.
வீட்டுக் கம்பி வழியே போனால்
'நம்ம வீட்டுப் பெண்' என்று விட்டுவிடுவார்கள்.
வேற்றுத் தெருவில் வந்தால்
அதே பெண் அந்நியள்.
சில இடங்களில் அந்தக் கதவே கிடையாது,
குப்பைக் கடிதக்காரர்களுக்குப் பயந்து
செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஐந்நூற்று எண்பத்தேழு என்று மாற்றினேன்.
பெயர் சொல், கடவுச்சொல் சொல், பிறகு போ.

சரி என்று அழுத்திய பிறகுதான் கவனித்தேன்:
அவுட்பாக்ஸில் ஒன்றல்ல, ஐந்து.
ஐந்தும் தம்பி உர்மஸுக்கு.
கை நீள்வதற்குள் கிளம்பிவிட்டது முதலாவது:
டிரெய்லரைத் திருப்பித் தராதவனுக்கு
இனி அக்கா கிடையாது.
இரண்டாவது: முந்தியதைப் படிக்காதே.
ஆனாலும் டிரெய்லர் வேண்டும்.
மூன்றாவது கணக்கு. டயர் உட்பட.
நான்காவது நீளம். உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டாள்,
நானும் ஜன்னலைப் பார்த்தேன்.
ஐந்தாவதில் இவ்வளவுதான்:
மரம் விழுந்துவிட்டது. அறுக்க ஆள் இல்லை.

'திரும்ப வாங்க முடியாதா?'
முடியாது, லெய்லி.
இத்தனை நாள் போக்கு இல்லையே என்று அழுதாய்.

நாற்பது நிமிடம்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
வந்தது பதில்.
எதற்கு எழுத?
என்று ஒரே வரி.
கீழே நிறைய இடம் விட்டு:
சனிக்கிழமை, முதல் கப்பல்.
ரம்பம் கொண்டுவருகிறேன்.
டிரெய்லரில் வைத்துத்தான்.