ஊளைக் கொப்பி

மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் இதை வாங்கினேன்.
அதனால்தான் இப்போது
இதையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.

கண்டிப் பல் வைத்தியர் ஸவாஹிரிடம் ஆறு தவணை.
கடைசித் தவணையன்று,
"நெஞ்சோட அமத்திப் புடிக்காதீங்க,
மேல் பலகை மூச்செடுக்கணும்" என்றார்.
ஆயிரம் வாய்களைத் திறக்கச் சொன்னவர்.
நம்பினேன்.

உள்ளே ஒன்றுமில்லை.
வளைத்துச் செதுக்கிய பலகை, இரண்டு எஃப் துளைகள்,
நடுவில் எதனோடும் ஒட்டாத ஒரு பாலம்.
கம்பிகள் அழுத்துவதால் நிற்கிறது.
ஆறையும் ஒன்றாய்க் கழற்றினால் சறுக்கிவிடும்.
ஒன்றைக் கழற்று, ஒன்றைப் பூட்டு.
என் கடன்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தலவாக்கலையில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.
"இதுக்கும் டிக்கட் போடணும் அண்ணே."
அரை டிக்கட்.
பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் சன்னலோரம் கொடுத்தேன்.
நானுஓயா வரைக்கும்
அது மலையைப் பார்த்துக்கொண்டு வந்தது,
நான் அதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சத்தம் கூட்டினால் ஊளையிடும்.
ஸ்பீக்கர் சொன்னதை வயிறு கேட்டு
வயிறு சொன்னதை ஸ்பீக்கர் கேட்டு
இரண்டும் சேர்ந்து என்னைக் கேட்காமல்
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
எந்தச் சுரம் என்பது மண்டபத்தைப் பொறுத்தது.
அதற்கென்றே நாற்பது பக்கத்தில் ஒரு கொப்பி.

நுவரெலியா, ஏரிக்கரை ஹோட்டல் பார்: ஏ.
கணப்பு எரிந்தால் அதற்கும் கொஞ்சம் கீழே.
பண்டாரவளை, கல்யாண மண்டபம்: பி ஃப்ளாட்.
முன்னூறு பேர் உட்கார்ந்ததும் அடங்கும்,
சோற்றுக்கு எழும்பியதும் திரும்பி வரும்.
ஹட்டன், நகைக்கடைக்கு மேல்மாடி: ஜி.
தகரத்தில் மழை விழுந்தால் கொப்பிக்கு வேலையில்லை.
ஹப்புத்தளை: பனிப்புகார் கதவுக்குள் வந்த இரவு
எதுவுமே கத்தவில்லை.
காரணம் தெரியாது என்று எழுதி
கீழே கோடு போட்டிருக்கிறேன்.

நேற்று நுவரெலியாவில் மூன்றாவது உருப்படியிலேயே பிடித்துக்கொண்டது.
பேஸ் வாசிக்கும் துவான் ரிஸ்லி
என் காலைப் பார்த்து, "கழட்டு" என்றான்.
இடது காலுறையை எஃப் துளைக்குள் திணித்தேன்.
தை மாதம், சீமெந்துத் தரை.
ஒரு கால் உறைய உறைய
மெதுவான காதல் பாட்டொன்று வாசித்தோம்.
எட்டு மேசை. ஏழில் பேச்சு.
எட்டாவதில் ஒருவர் எழுந்து வந்தார்,
"பைலா ஒண்டு போடுங்களேன்."
போட்டோம்.
நடுவில் நான் ஒளித்துவைத்த கோணல் கோர்ட்
நிமலசேனவுக்கு மட்டும் கேட்டது.
ட்ரம்ஸுக்குப் பின்னால் பல் தெரிந்தது.

சம்பளம் கவரில். வேன் ஹோட்டலுடையது.
இரவு ஒன்றரை, லயத்துக் காம்பரா.
பவளராணிக்கு விடிந்தால் பிரட்டு.
ஆம்ப்பை இங்கே போட்டதேயில்லை;
கொப்பியில் இந்த வீட்டின் சுரம்
இன்னும் வெற்றுக் கோடு.

கட்டில் ஓரத்தில் வெறும் மரமாய் வாசித்தேன்,
விரல் சிரட்டையில் தட்டுகிற அளவுக்கு.
இங்கே சுவர் கூரையைத் தொடாது.
அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் தையல் மெஷின்
கடகடத்துக்கொண்டிருந்து, நின்றது.
தொந்தரவோ என்று நானும் நிறுத்தினேன்.

"அண்ணே," சுவருக்கு மேலால் குரல்,
"அந்தத் திரும்புற எடத்துக்கு
இன்னொருக்கா வந்துட்டுப் போங்க.
நூல் கோத்துக்கிட்டிருந்தேன், சரியா கேக்கல்ல."

எட்டு பார் பின்னால் போனேன்.
ஏனோ மந்தமாய் இருந்தது.
விளக்கில் சாய்த்துப் பார்த்தால்
காலுறை இன்னும் துளைக்குள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.
குதிகாலில் ஒரு ஓட்டை.
அதையும் தைக்கக் கொடுக்கலாம்,
முதலில் இதை வெளியே இழுக்கவேண்டும்.