உருப்படி ஐந்து

வாழப்பாடி ஜவ்வரிசி ஆலையின்
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
ஏணி போட்டு அறைந்தோம் அந்தப் பலகைப் பெட்டியை.
எலி மருந்துச் செலவு மிச்சம் என்றார் முதலாளி.
கூகை அண்டினால் குடி விளங்காது என்று
மாவு அள்ளும் வெள்ளையம்மா
மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவள்.
சரக்குப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்:
குஞ்சு, உருப்படி ஐந்து.
ஒரே நாளில் பொரித்தவை அல்ல.
சல்லடை மாற்றி மாற்றிச் சலித்த மணிகள் போல
பெரிது, அதைவிடச் சிறிது,
ஆகக் கடைசியில்
என் கட்டைவிரல் அளவு ஒன்று.

டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி
இரவு ஷிப்டில் எட்டிப் பார்ப்பேன்.
விசிலுக்கு முந்தின குக்கராய்ச் சீறும் ஐந்து முகம்.
தாய் வந்துபோன சத்தமே இருக்காது;
எலியின் வால் மட்டும்
மூத்ததன் வாயில் கொஞ்ச நேரம்.

சேர்வராயனை மறைத்தபடி ஒரு வாரம் மழை.
விட்டதும் பார்த்தேன். நான்கு.
மூத்ததன் அலகோரம் ஒட்டியிருந்தது
எந்த எலிக்கும் இல்லாத
வெள்ளைத் தூவி.

சேதாரம் என்று எழுதப் போனேன்.
செலவா, வரவா?
பேனா அங்கேயே நின்றது.

தை பிறப்பதற்குள் பெட்டி காலி.
வெள்ளையம்மாதான் கேட்டாள்,
கை மாவை உதறிக்கொண்டே:
"அந்தக் கடைக்குட்டி?"

பறந்துட்டுது என்றேன்,
மூத்ததோடு சேர்ந்து.