ஜன்னல் பக்கம்

நடுராத்திரி எழுந்து
ஜன்னலைத் திறக்கிறான் எலேயுதெரியோ.
வெளியே ஜூலைப் பனி.
வேலிக் கம்பியையும் விசிலடிக்க வைக்கும்
பட்டகோனியக் காற்று
உள்ளே வந்து காலண்டரைப் புரட்டுகிறது.
இவனுக்கோ கழுத்தெல்லாம் வேர்வை.

பன்னிரண்டு வருஷம் முன்பு
இதே ஜன்னலை நான் திறந்தேன்.
"பைத்தியமா ஓர்ஃபெலினா?" என்று
போர்வைக்குள் இருந்தே கத்தியவன்,
பிறகு எழுந்து சாத்தியவன், இவன்தான்.
இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்சம் சிரித்தேன். இருட்டுதானே.

கொமொதோரோ ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்
படம் போட்டுக் காட்டினாள்.
மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி,
அது ஏவ, கீழே விதைகள் சுரக்கும்
டெஸ்டோஸ்டிரோன்.
எலும்புக்குக் கெட்டி, தோளுக்குத் தசை,
தாடிக்கு மயிர், ராத்திரிக்கு ஆசை.
புராஸ்டேட்டில் குந்திய கட்டியும்
அதே சோற்றைத்தான் தின்கிறதாம்.
"அதனால் அடுப்பை அணைக்கிறோம்."

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி.

நூற்றெண்பது கிலோமீட்டர்
வாய் திறக்காமல் ஓட்டி வந்தான்.
பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தி,
"எத்தனை குட்டிக்கு விதையடித்திருப்பேன்?" என்றான்.
வருஷம் நானூறு, நாற்பது வருஷம்.
நோட்டில் எழுதியவள் நான்.
கத்தி அவன் கையில், வாளி என் கையில்.
விட்டதும் குட்டி நாலடி தள்ளி நிற்கும்
எதையோ மறந்ததுபோல்,
பிறகு மேயப் போய்விடும்.

தோள் இறங்கிவிட்டது அவனுக்கு.
ரேடியோவில் யாரோ யாருக்கோ
"பெண் குழந்தை, இருவரும் சுகம்" என்று
சேதி அனுப்பினால் அழுகிறான்.
குரல் மட்டும் போகவில்லை.
பதினாலு வயதில் கட்டி முடித்த வீடு அது,
கொத்தன் போனாலும் சுவர் நிற்கும்.

"உங்களுக்கும் அது கொஞ்சம் சுரக்கும்" என்றாள் டாக்டர்,
"இப்போது இவரைவிட அதிகமாகவே இருக்கலாம்."
அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!
மறுநாள் காலை
டிராக்டர் பேட்டரியை நான் தூக்கி வைத்தேன்.
ஹார்மோனா, கோபமா, தெரியாது.

நேற்று அவனாகவே கேட்டான்:
"உனக்கு எத்தனை நாள் இருந்தது இது?"
ஏழு வருஷம் என்றேன்.
வெகுநேரம் பேசவில்லை.
சாத்திய ஜன்னல்களை
எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ.

சரி, அந்தப் பக்கம் நீயே படுத்துக்கொள்,
திறந்தே வைத்துக்கொள்.
அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது
உன் ஆடுகளின் கம்பளி.
அதை எடுத்து
என்மேல் போடு முதலில்.