ஷூ பெட்டி மூடியில் பதினொரு சொட்டு

இரவு வண்டிக்கடியில் தள்ளிவைத்த மூடியைக்
காலையில் இழுத்துப் பார்க்கிறேன்.
முன்பக்கம் மூன்று. நடுவில் பதினொன்று.
கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு நேர்கீழே
எண்ண முடியாத ஒரே கருப்பு.
பேனாவால் தேதி போட்டு
மற்ற மூடிகளோடு அடுக்குகிறேன்.
இது ஆறாவது.

தொண்ணூற்றெட்டு மாடல் மஹிந்திரா பிக்கப்.
பேர்ணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குத்
தைத்த ஷூ அப்பர் மூட்டைகள்,
திரும்பும்போது வெட்டிய தோல்.
டீசல் கணக்கு நோட்டில்
ஆயிலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

மூன்று தடவை சீல் மாற்றியாயிற்று.
முன்சீல். பின்சீல். மறுபடி பின்சீல்,
அதற்கு கியர்பாக்ஸையே இறக்கவேண்டும்.
டேப்பட் கவர் பேக்கிங்கை அத்தீக்
சிவப்புப் பசை தடவி ஒட்டினார்.
பத்து நாள் தாங்கியது.
பதினோராம் நாள் பசையையும் சேர்த்துத் துப்பியது.

"ரிங்கு தேஞ்சிகினு வருது பரிமளாம்மா.
இஞ்சினு இறக்கிடலாம். நாப்பத்தஞ்சு ஆவும்."
நாற்பத்தைந்து என்றால் ஆயிரத்தில்.
சொல்லிவிட்டு அவர் கை துடைத்த துணி
என் முந்தானையைவிடச் சுத்தம்.

நான் மெக்கானிக் இல்லை.
சொல்யூஷன் போட்ட விளிம்பு எங்கே பிரியும் என்று
விரலால் தடவிச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.
பிரிந்த இடத்தில் பெரும்பாலும் குறை இருக்காது.
இழுப்பு வேறெங்கிருந்தோ வரும்.

ஞாயிற்றுக்கிழமை.
டீசலும் பிரஷ்ஷுமாக இஞ்சினைக் கழுவிக்
காயவிட்டு (இந்த ஊர் வெயிலுக்குக்
கால் மணி நேர வேலை)
என் முகப்பவுடர் டப்பாவை அதன்மேல் கவிழ்த்தேன்.
எதிர்வீட்டு ரெஹானா மாடியிலிருந்து
"இன்னா, அதுக்குக் கல்யாணமா?" என்றாள்.

உமராபாத் வரை போய்த் திரும்பினேன்.
பவுடரில் ஈரம் ஒரு வழி பிடித்திருந்தது:
கவர் விளிம்பில் தொடங்கிப்
பின்னால் சரிந்து, காற்று தள்ளிய பக்கமெல்லாம் நனைத்து,
கடைசியில் பின்சீலின் தலையில் பழி.
அதோடு,
அழுத்திச் செருகியிருந்த ஆயில் குச்சி
ஒரு விரல் உயரம் மேலே வந்திருந்தது.

யாரோ உள்ளிருந்து தள்ளியதுபோல.

கையுறை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
பசை தடவும் பெண்களுக்குப் பெட்டியாய் வாங்குவது,
ஊதினால் பலூனாகும் மெல்லிசு.
ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து
அந்த வாயில் மாட்டி, ரப்பர்பேண்ட் போட்டு,
ரெஹானாவைக் கூப்பிட்டுச் சாவி திருப்பச் சொன்னேன்.

முதலில் உள்ளங்கை.
பிறகு கட்டைவிரல், சுண்டுவிரல்,
ஐந்தும் விறைத்து
பஸ்ஸை நிறுத்தும் கை மாதிரி எழுந்து நின்றது.
"யம்மா!" என்று அவள் ஆஃப் பண்ணிவிட்டாள்.

கவரிலிருந்து இறங்கி
சேஸ் ஓரமாய்த் தொங்கும் ரப்பர் குழாய் ஒன்று.
இஞ்சின் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான்.
மூன்று தடவையும் அதை ஒதுக்கிவிட்டுத்தான்
எல்லாரும் உள்ளே கை விட்டிருக்கிறார்கள்.
கிளிப்பைத் தளர்த்தி, உருவி, ஊதினேன்.
கன்னம் வலித்தது.

சைக்கிள் கம்பியால் அடிமுனையைக் குடைந்தால்
சத்தியமாக, மண்.
சுட்டதுபோல் இறுகிய செம்மண்.
உள்ளே அறை அறையாக;
ஒன்றில் காய்ந்த சிலந்திகள், கால் மடக்கியபடி.
அதற்கும் மேலே தார்போல மசி.

குளவி.

போன வருடம் ஆர்டர் இல்லாமல்
நாலு மாதம் வண்டி நின்றதே, அப்போது வந்திருக்கும்.
நான் வங்கிக்கு நடந்துகொண்டிருந்தேன்.
இந்த வீட்டில் அது ஒன்றுதான்
வேலை பார்த்திருக்கிறது.

குழாயைக் கழுவி மாட்டிக்
கையுறையை மறுபடி போட்டேன்.
எழவில்லை. விரல்நுனிகள் மட்டும்
லேசாக ஆடின.
ரிங்கும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.
இருக்கட்டும்.

அத்தீக்கிடம் சொன்னேன்.
"அதத்தாம்மா நானும் பாக்கணும்னு இருந்தேன்."

ஏழாவது மூடி:
ஒரே ஒரு சொட்டு, டிரெயின் நட்டுக்கு நேர்கீழே.
அது எனக்கே தெரியும்.
வாஷர்.