முன்னால் ஓர் இடைவெளி

மே மாதம், பெருங்குடி, ஆறாவது மாடி.
தண்ணீர் லாரி புக்கிங் நின்று ஐம்பது நிமிடமாகிறது.
ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.
மேடவாக்கத்திலிருந்து ஒருவர் அந்த வட்டத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்,
பக்கத்தில் காலிக் குடத்தையும் வைத்து.

சர்வரை அணைத்துப் போடுங்க என்கிறார் வெங்கடரமணி.
போட்டால் வலி போகும்,
காரணமும் கூடவே போய்விடும்.
பத்து நிமிடம் கேட்டேன்.
ஐந்து தந்தார்.

குவெரி ஹிஸ்டரியைத் திறக்கிறேன்.
யார், எப்போது, என்ன கேட்டார்கள்,
பதில் வர எத்தனை நொடி, வந்தது எத்தனை வரி.
சாப்பிட்ட கையோடு யாரோ அடித்த எழுத்துப்பிழைகூட
சிவப்பில் அப்படியே நிற்கிறது.

அதிக நேரம் எடுத்தது மேலே வரட்டும் என்று அடுக்கினேன்.
நான் எதிர்பார்த்தது ஒரு யானை.
மாதாந்திர அறிக்கை, முதலாளி கேட்ட வரைபடம், ஏதோ ஒன்று
நடுவழியில் படுத்திருக்கும் என்று.
இல்லை.
ஒன்பது நொடி. ஒன்பது நொடி. ஒன்பதே கால்.
ஒரே குவெரி, அறுநூற்றுப் பன்னிரண்டு முறை.
எறும்புகள்.

அதன் நடுவில் ஒரு ட்ரிம்,
போன் நம்பரைச் சுற்றிய உறை மாதிரி.
நம்பர்மேல் நான் கட்டிய இண்டெக்ஸ் அந்த உறைக்குள் நுழையாது.
ஒவ்வொரு முறையும் பதினெட்டு லட்சம் பேரையும்
வரிசையில் நிறுத்தி
ஒவ்வொருவராக முகம் துடைத்துப் பார்த்தாக வேண்டும்.

எவன் எழுதினது இதை, என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
தமீம். சேர்ந்து நான்கு மாதம்.
கால்சென்டரின் தேடல் திரை அவன் பொறுப்பு.
அவன் பெயரை மட்டும் வடிகட்டிக் கீழே இறங்கினேன்.

3:07. ஒரு நம்பரைத் தேடியிருக்கிறான். பூஜ்ஜியம் வரி.
3:08. அதே நம்பர். பூஜ்ஜியம்.
3:10. முன்னால் தொண்ணூற்றொன்று சேர்த்து. பூஜ்ஜியம்.
3:15. நம்பரை விட்டுவிட்டுப் பெயர்: குமுதவல்லி. நாற்பத்தொரு வரி.
3:16. குமுதவல்லி, புளியந்தோப்பு. மூன்று வரி.
பிறகு ஆறு நிமிடம் ஒன்றுமே இல்லை.
ஹெட்போனில் அந்தம்மா பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.
அது எங்கும் பதிவாவதில்லை.
3:22. அந்த மூன்றில் ஒன்றின் நீளத்தைக் கேட்டிருக்கிறான்.
பதினொன்று.

பத்து இலக்க நம்பருக்குப் பதினொன்று!
பதிவு செய்தபோது யாருடைய கட்டைவிரலோ தவறி
நம்பருக்கு முன்னால்
ஓர் இடைவெளி.
காசு கட்டியும் நான்கு நாளாக அந்தம்மா
எங்கள் கணக்கில் இல்லாமல் போனது இதனால்தான்.

3:24. ட்ரிம் போட்டுத் தேடுகிறான். ஒரு வரி. ஒன்பது நொடி.
நாற்காலியில் பின்னால் சாய்ந்திருப்பான்.
3:40-க்கு அதையே தேடல் திரையில் நிரந்தரமாக்கிவிட்டான்,
இனி ஒருவரும் தொலையக் கூடாது என்று.
ஐந்து மணிக்குள் எல்லோரும் தொலைந்தோம்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெங்கடரமணி.
பழைய தேடலைத் திரும்ப வைத்தேன்.
இடைவெளியோடு கிடந்த நம்பர்களை எண்ணினேன்: இருநூற்று நான்கு.
இருநூற்று நான்கு வீடு.
ஒரே கட்டளையில் துடைத்தேன், பதினோரு நொடி.
வட்டம் நின்றது.

டிக்கெட்டில் காரணம் என்று ஒரு கட்டம்.
தமீம் என்றால் ஒரு சொல்லில் முடியும்.
நம்பரை வாங்கும்போதே படிவம் துடைத்திருக்க வேண்டும்,
துடைக்கவில்லை, என்று எழுதினேன்.
இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் படிவத்தை எழுதியவள் யார் என்று
ஹிஸ்டரிக்குத் தெரியாது.
அது முப்பது நாள்தான் வைத்திருக்கும்.
எனக்குத் தெரியும்.

எழுந்து போகும்முன் ஒரு முறை
குமுதவல்லியின் நம்பரை அடித்துப் பார்த்தேன், ட்ரிம் இல்லாமல்.
ஒரு வரி. 0.03 நொடி.
அதுவும் இப்போது அங்கே இருக்கிறது,
5:58, என் பெயரில்,
எதற்காகத் தேடினேன் என்பது மட்டும் இல்லாமல்.