சுண்டுவிரல் இடைவெளி

ஆடிவேலுக்குப் போய் இருநூற்றைம்பது ரூபாய்க்கு
வாங்கும்போது அது ரோஸ் நிறம்.
உள்ளங்கையில் சாயம் ஒட்டியது.
மகன் பிங்கி என்று பெயர் வைத்தான்.
பெட்டைதான் என்று விற்றவன் சத்தியம் பண்ணினான்.

தை பிறக்கப் பிங்கிக்குக் கொண்டை சிவந்தது,
காலில் முள் முளைத்தது.
கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி,
உடுப்புக் காயப்போடும் பால்கனி.
முதல்முறை கூவிய அன்று
மகன் கைதட்டினான்.
நான் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தேன்.

துறைமுகத்துக்காரர் இரவை அணைப்பதில்லை.
ஒரு கப்பல் வந்து கட்டினால்
பாரந்தூக்கி விளக்கில்
ஒன்றேகாலுக்கு விடியும்.
மூன்று மணிக்கு இன்னொரு விடியல்.
ஒரே இரவில் நாலு சூரியனுக்குப்
பதில் சொல்லும் பிங்கி.
ஐந்தாவது, உண்மையானது, வரும்போது
தொண்டை கட்டியிருக்கும்.

கீழ்வீட்டு ரவூப் நானாவுக்கு இரவுக் கூவல் பிரச்சினை.
எதிர்வீட்டு நிலூகாவுக்குப் பகல் கூவல்:
ஆஸ்பத்திரியில் நைட் செய்துவிட்டு
எட்டு மணிக்குப் படுப்பவள்.
பேசி வைத்ததுபோல
மாறி மாறி வந்து கதவைத் தட்டினார்கள்.

பிறகு கால்களைப் பிடிக்கத் தொடங்கியது.
எல்லாக் கால்களையும் இல்லை,
நீலச் செருப்புப் போட்ட கால்களை.
மகனின் முழங்காலுக்குக் கீழே இரண்டு துளை.
அழவில்லை அவன்.
"பிங்கிக்கு என்னைத் தெரியேல்லையா அம்மா?"

சந்தியில் கோழிக்கடை மரியதாசன்
எத்தனை கிலோ வரும் என்று விசாரித்தார்.
காதில் விழாததுபோல நடந்தேன்.
ஆனாலும் மனம்
பெருக்கிப் பார்த்துவிட்டது.

உதைத்தால் அது சண்டைக்குச் சம்மதம்.
ஓடினால் தோல்வி.
ஓரடி பின்வைத்தால்
அந்த ஓரடி இனி அதன் காணி.
இதையெல்லாம் காலில் தழும்போடு படித்தேன்.
நிற்க வேண்டும்.
இரண்டு கையாலும் சிறகை அணைத்து
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒற்றைக் கையால் குசினி வேலை.
வெங்காயம் உரித்தேன்.
போனில் மனேச்சருக்கு "ஓம் சேர், ஓம் சேர்" என்றேன்,
விலாவில் ஒரு குட்டி மோட்டர் இடிக்க இடிக்க.
பன்னிரண்டு நிமிடத்தில் மோட்டர் தணியும்,
கண் மூடும்.
சேவலுக்குக் கண்மடல் கீழேயிருந்து மேலே ஏறும்.
முப்பத்தெட்டு வயதில் அறிந்துகொண்டேன்.

இரவுக்குக் குளியலறை.
டிவி வந்த பெட்டி.
கூவக் கழுத்து நிமிர வேண்டும்;
உட்காரலாம், நிற்கலாம், நிமிர முடியாது,
அந்த உயரத்துக்கு வெட்டினேன்.
கத்தரிக்கோல் கொஞ்சம் தயங்கியது.
காற்று வரவேண்டும், வெளிச்சம் வரக்கூடாது.
அப்படியொரு துளை போடுவது
லேசில்லை.

பகலுக்கு வழி நிலூகா கொண்டுவந்தாள்:
ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட
பிரஷர் பார்க்கும் பட்டியின் ஒட்டுத்துண்டு.
பிங்கியை நான் பிடிக்க
அவளே கழுத்தில் சுற்றினாள்,
சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.
"இவ்வளவு லூஸ், அக்கா.
இதுக்கு மேல டைட் பண்ணினா அதுக்கு மூச்சில்ல.
இதுக்கு மேல லூஸ் பண்ணினா
எனக்கு நித்திரையில்ல."

பிங்கி எம்பிக் கூவியது.
துருப்பிடித்த கேற் ஒன்று
பாதி திறந்து நின்ற சத்தம்.
பின்னால் யாரோ எடுத்துவிட்டதுபோல
திரும்பித் திரும்பிப் பார்த்தது.
மகன் சிரித்தான். பிறகு
சிரித்ததை நிறுத்தினான்.

அதனால் ஒரு ஒப்பந்தம்:
பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை பட்டி இல்லை.
நிலூகா வேலைக்கு வெளிக்கிடும் நேரம்,
ரவூப் நானா பிளேன்டீ குடிக்கும் நேரம்.
பால்கனிக் கம்பியில் ஏறி
பாரந்தூக்கிகளைப் பார்த்து
ஒரு நாளுக்கான அத்தனையையும் கூவும்.

நேற்றுக் கணக்கு முடிக்க நேரமாகி
கழற்ற மறந்துபோனேன்.
ஆறேகாலுக்குக் கீழேயிருந்து நானாவின் குரல்:
"என்ன தங்கச்சி, இன்டைக்கி சத்தமே இல்ல,
சொகமில்லையா?"

யாரைக் கேட்டார் என்று விளங்கவில்லை.
"இல்லை நானா" என்றேன்,
வரவில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
இன்னொருதரம் சொன்னேன்.