கலங்கல்

ஏற்காட்டு அடிவாரத்தில் கொத்திய செம்மண் ஒரு வாளி,
மணல் அரை வாளி,
பேக்கரியில் இரவல் வாங்கிய தகரத் தட்டு,
சாய்மானத்துக்கு ஒரு பழைய அட்லஸ்.
கிச்சிப்பாளையம், ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.
என் ஆறு தயார்.

சொம்பைச் சாய்த்தேன்.
கொஞ்ச தூரம் நேராகத்தான் போனது.
பிறகு எதையோ மறந்துவிட்டாற்போல் வளைந்தது.
வெளிக்கரை அரிந்தது, உள்கரையில் மணல் ஏறியது.
இதைப் பாருங்கள் என்று நான் வாயெடுக்குமுன்
லோகித் அரிகிற கரைமேல்
சாக்பீஸால் ஒரு வீடு வைத்துவிட்டான்.
அது சரியும்வரை மூச்சுச் சத்தம் இல்லை.
சரிந்ததும் ஒரே கைதட்டல்.
“எங்க வீடும் வெளிப்பக்கம்தான் மிஸ்”
என்றது பின்வரிசையில் ஒரு குரல்,
சும்மா, தகவலுக்கு.
அடுத்த சொம்பை
மெதுவாகச் சாய்த்தேன்.

அப்புறம் பாட்டில்கள்.
திருமணிமுத்தாற்றுப் பாலத்தடியில்
ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி
அவர்களே அள்ளிவந்த சேறு.
மூடி, குலுக்கி, வைத்து, எண்ணினோம்.
மூன்றுக்குள் சரளை.
முப்பதுக்குள் மணல்.
வண்டலுக்கு ஒரு பீரியட் போதவில்லை.
களிமண்ணுக்கு இறங்கும் எண்ணமே இல்லை.

ஷமீனாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில்
எல்லாவற்றுக்கும் அடியில்
கறுப்பாய் ஓர் உருண்டை.
“இரும்புத்தாது” என்றேன்,
ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவளின் தோரணையில்.
அவள் முழங்கைவரை சேற்றில் விட்டு எடுத்து
யூனிபார்ம் பாவாடையில் தேய்த்தாள்.
தேய்த்த இடம் வெளுத்தது.
“கொலுசு மணி மிஸ்.
எங்கம்மா தெனம் ஐநூறு பத்தவைப்பாங்க.
ஒண்ணு தொலைஞ்சாலும் கூலியில பிடிச்சுக்குவாங்க.”

மணலுக்கும் கீழே ஏன் போனது, சொல் பார்ப்போம்?
“வெள்ளி கனம்ல?”

ஸ்லைடு பதினொன்று வைத்திருந்தேன் அதற்கு.
ஆற்றின் பெயரில் முத்து வந்த கதை ஒன்றும்
கைவசம் இருந்தது.
சொல்லவில்லை.
அவள் மணியை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து
இரண்டு முறை மூடிப் பார்த்தாள்.

மணியடித்தது.
“மேல இருக்கற தண்ணி எப்ப தெளியும்?”
ஆடாமல் வைத்தால் திங்கட்கிழமை, என்றேன்.
ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தோம்.
டவுன் பஸ் திரும்புகையில் கம்பி அதிர்ந்தது,
பாட்டில்களும்.

பையை மாட்டிக்கொண்டு கடைசியாகப் போன லோகித்
திரும்பி வந்து
ஒன்றை எடுத்து நன்றாகக் குலுக்கி வைத்தான்.
“மறுபடி விழறத பாக்கணும் மிஸ்.”

இருவரும் எண்ணத் தொடங்கினோம்.